திருச்சியிலிருந்து நடப்பதென்றால்: பழனியா, வேளாங்கண்ணியா?

திருச்சியில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு மேற்கே நடந்தால் பழனி, கிழக்கே நடந்தால் வேளாங்கண்ணி. பழனி சுமார் 160 கிலோமீட்டர், வேளாங்கண்ணி சுமார் 150. கோயம்புத்தூரையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த ஒரே சாலையில் மேற்கே மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம். கிழக்கே தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நடந்து பார்த்தவர்களைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு உலகம் என்பார்கள்.

நேர்த்திக்கடன் இருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. பிள்ளை பிழைத்தால் மாதா கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர் அங்கேதான் போக வேண்டும். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தி நடக்கும் இந்துக் குடும்பங்கள் திருச்சியில் எத்தனையோ உண்டு. இந்தக் கட்டுரை, அப்படிக் குறிப்பிட்ட வேண்டுதல் எதுவும் இல்லாமல், வாழ்க்கையில் ஒருமுறையாவது நடந்து போய்ச் சாமி கும்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருடங்களைக் கடத்துகிறவர்களுக்கு. சபரிமலையை இதில் சேர்க்கவில்லை. எருமேலியிலிருந்து பம்பை போகும் பெருவழிப்பாதை காட்டுவழி. அதை நடக்கப் பெரும்பாலானவர்கள் முதலில் எருமேலி வரை வண்டியில் போகிறார்கள். நம் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுகிற நடை அல்ல அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை நடப்பவர் பழனிக்குப் போகட்டும். ஒருமுறை நடந்து தன் காலைப் புரிந்துகொண்ட பிறகு வேளாங்கண்ணிக்குப் போகலாம். குளிர், வெயில், சாப்பாடு என்று காரணம் பல உண்டு. அவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு ஒன்று: கால் தளரும் இடத்தில் துணைக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பது.

கால் தளரும் இடம்

நீண்ட நடையில் முதல் நாள் உற்சாகத்திலேயே ஓடிவிடும். இரண்டாம் நாள் வலிக்கும். ஆனால் வலிக்கும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள், அதனால் தாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் மத்தியானம்தான் ஆபத்து. கொப்புளம் உடைந்திருக்கும், தூக்கம் போதாது, போக வேண்டிய தூரம் இன்னும் பாதி இருக்கும், பக்கத்தில் பேருந்து நிறுத்தமும் இருக்கும். ஏறிவிடலாமா என்று மனசு கேட்கும்.

பழனிப் பாதையில் அந்த நேரத்தில் நீங்கள் வடமதுரை தாண்டித் திண்டுக்கல்லை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். அங்கேதான் பாதை மாறுகிறது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து சேரும் வழி அது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குழுக்களும் அந்தத் தடத்தில் வருகின்றன. அதுவரை சாலையோரத்தில் நீங்களும் உங்கள் குழுவுமாக நடந்திருப்பீர்கள். திண்டுக்கல் தாண்டியதும் முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் பச்சையும் மஞ்சளும் காவியுமாக ஆட்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர், எழுபது வயதுக்கு மேல் கம்பூன்றி வருகிறவர், அலகு குத்தி வருகிறவர் என்று எல்லோரும் உங்களோடு நடப்பார்கள். அந்தக் கடைசி 60 கிலோமீட்டரை நாம் நடக்கிறோமா, கூட்டம் நடத்திக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது. "அரோகரா" என்று எங்கோ ஒருவர் குரல் கொடுத்தால் அது கிலோமீட்டர் கணக்கில் கைமாறிப் போகும்.

வேளாங்கண்ணிப் பாதையில் அதே மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் அம்மாபேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் பக்கத்தில் இருப்பீர்கள். வயல், வாய்க்கால், பேருந்து, மறுபடி வயல். முன்னால் ஒரு குழு போயிருக்கும், பின்னால் ஒரு குழு வரும், நடுவில் நீங்கள் மட்டும். சென்னை, புதுச்சேரி, கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் பெருங்கூட்டம் நாகப்பட்டினத்தில்தான் உங்களோடு சேரும். அங்கிருந்து வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். துணை மிகவும் தேவைப்பட்ட இடம் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். தனியாக நடக்கும் அந்த ஒன்றரை நாளுக்காகவே கிழக்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். மனசில் ஏதோ ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு நடப்பவருக்கு அந்த அமைதி பெரிய வரம். ஆனால் முதல் தடவை நடப்பவருக்கு அந்த இடத்தில் தன் காலைத் தவிர வேறு நினைப்பு ஓடாது.

தை, ஆவணி

தைப்பூசம் சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். 2021லிருந்து தமிழ்நாட்டில் அது அரசு விடுமுறை. சில வருடங்கள் பொங்கல் விடுமுறையை ஒட்டியே வந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய வசதி. வேளாங்கண்ணித் திருவிழா எப்போதும் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி, மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று முடியும். தேதி மாறாது என்பதால் விடுப்பை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும் காலம், பிள்ளைகளை அழைத்துப் போவது கடினம்.

வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தையில் காலை ஒன்பதரை, பத்து வரை தாராளமாக நடக்கலாம். சாயங்காலம் நாலரைக்கு மறுபடி எடுக்கலாம். விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் பக்கம் துண்டைக் காதோடு சுற்றிக்கொள்ளும் அளவுக்குக் குளிரும். ஆவணியில் எட்டரை மணிக்கே முதுகு எரியும். தஞ்சாவூர் தாண்டியதும் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும், வேர்வை காயாது. ராத்திரியில் திடீரென்று இடி மழை வேறு கொட்டும். நனைந்த வேட்டியோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் பையின் மேல் அறையில் இருக்க வேண்டும், அடியில் அல்ல.

நிலா விஷயம் பலர் யோசிப்பதில்லை. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பழனிக்கு நடப்பவர்களுக்கு எல்லா வருடமும் வளர்பிறை. புறப்பட்ட முதல் இரண்டு நாள் நிலா நடு இரவுக்குப் பிறகு மறைந்துவிடும். ஆகவே விடியற்காலை நடையைவிட, சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை நடப்பது நல்லது. வெளிச்சம் இருக்கும். அதோடு அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை லாரி ஓட்டுநர்களுக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரம். அந்த நேரத்தில் நான்கு வழிச் சாலையோரம் நடக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். வேளாங்கண்ணிக்கு நாள்காட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2025இல் செப்டம்பர் 7 பௌர்ணமி. திருவிழா முடிவுக்குப் போனவர்களுக்கு வழியெல்லாம் நிலா. 2026இல் பௌர்ணமி ஆகஸ்ட் 28. கொடியேற்றத்துக்குப் போகிறவர்களுக்கு வெளிச்சம், செப்டம்பர் 8க்கு நடப்பவர்களுக்குத் தேய்பிறை இருட்டு.

காலுக்குக் கீழே

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வரை நான்கு வழிச் சாலை. அகலம் உண்டு, நிழல் குறைவு. வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடந்தால் ஆபத்து குறையும். வெறுங்காலோடு நடப்பவர்கள் பத்து மணிக்கு மேல் செய்யும் ஒரு காரியத்தைப் பார்த்திருப்பீர்கள்: சாலையோரம் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக அடி வைத்துப் போவார்கள். தார் கொதிக்கும்போது அந்த வெள்ளைப் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் சூடு தாங்கும். கால் பிழைக்கும், சரி. ஆனால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் லாரி போகிறது. கோட்டைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றால் உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் மரமோ மண்டபமோ பார்த்து ஒதுங்கிவிடுங்கள். திண்டுக்கல்லுக்கு அப்பால் பாதயாத்திரை போகிறவர்களுக்கென்றே சாலையை ஒட்டித் தனி நடைபாதை பல இடங்களில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அது பெரிய நிம்மதி.

கிழக்கே தஞ்சாவூர் வரை அகலமான சாலை. அதற்குப் பிறகு பல இடங்களில் குறுகல். எதிரும் புதிருமாகப் பேருந்து வந்தால் நாம் மண்ணில் இறங்க வேண்டும். சப்பரம் இழுத்து வரும் குழுக்களுக்கு அது இன்னும் சிரமம். இரவில் நடந்தால் முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம் வேண்டும், இரண்டு பாதையிலும்தான், ஆனால் இங்கே இன்னும் அதிகமாக.

கிழக்குப் பாதைக்கு என்று ஒரு சுகம் உண்டு: தண்ணீர். மேட்டூர் அணை நேரத்தில் திறந்த ஆண்டுகளில் ஆவணி மாதம் வெண்ணாறும் வாய்க்கால்களும் ஓடிக்கொண்டிருக்கும். மத்தியான வெயிலுக்குப் படித்துறை பார்த்து உட்கார்ந்து முழங்கால் வரை தண்ணீரில் விட்டால், அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் கேளுங்கள்: ஊறிய பாதத்தோடு உடனே நடந்தால் தோல் உரிந்து வரும். கால் விரல் இடுக்கு வரை துண்டால் துடைத்து, அரை மணி நேரம் காற்றில் விட்டு, பாதம் பழையபடி காய்ந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். குளிக்கிறேன் என்று நடு வாய்க்காலில் இறங்கவும் வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகுக்குப் பக்கத்தில் ஆளை இழுக்கும்.

செருப்பு போடலாமா கூடாதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் எந்தப் பாதையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முள் குத்தியதோ கொப்புளம் உடைந்ததோ தெரியாமலே நடந்து, ஊருக்கு வந்து விரலை இழந்தவர்கள் உண்டு. முருகனும் கேட்கவில்லை, மாதாவும் கேட்கவில்லை. பழகிய, கொஞ்சம் தளர்வான ஷூவோடு பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடங்கள். புதுச் செருப்பு மட்டும் வேண்டாம். மற்றவர்கள் வெறுங்காலோடு நடக்க விரும்பினால், ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும்.

சோறு, படுக்கை

பழனிப் பாதையில் பட்டினி கிடக்க முடியாது. திண்டுக்கல் தாண்டிவிட்டால் பந்தலுக்குப் பந்தல் பொங்கல், இட்லி, மோர், சுக்கு காபி, வாழைப்பழம். "உட்காரு சாமி, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். பந்தலில் தைலம் தேய்த்துவிடும் இளைஞர்கள்கூட இருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நம் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்க்கும்போது கூச்சமாக இருக்கும், ஆனால் மறுக்காதீர்கள். கிடைக்கிறதே என்று எல்லாப் பந்தலிலும் சாப்பிட்டால் வயிறு கெடும். பாதி வயிறு போதும்.

வேளாங்கண்ணிப் பாதையில் சோறு கிடைக்கும், ஆனால் நாம் கணக்குப் போட வேண்டும். வழியில் கோயில் வளாகங்களிலும் ஊர்க்காரர்கள் போடும் பந்தல்களிலும் உபசரிப்பார்கள், இடைவெளிதான் அதிகம். ஆகவே குழுவோடு ஒரு குட்டியானை வண்டி வருவது நல்லது, சமையல் சாமானும் பைகளும் அதில் போய்விடும். நேரமும் தெம்பும் இருந்தால் தஞ்சாவூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதாவைப் பார்த்துவிட்டுப் போகும் வழியையும் யோசிக்கலாம். சுற்றுதான், ஆனால் ஆற்றோரம், லாரித் தொல்லை குறைவு. நாகப்பட்டினத்துக்கு முன்னால் சிக்கல் என்ற ஊர் வரும். அங்கே முருகனை, சிங்காரவேலனைக் கும்பிட்டுவிட்டு மாதாவிடம் போகிறவர்களையும் அந்த வழியில் பார்க்கலாம்.

தூங்க இரண்டு பக்கமும் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, கோயில் மண்டபம்தான். ஒரு போர்வை, கொசுவர்த்தி. டெல்டாவில் கொசுவர்த்தி இரண்டாக இருக்கட்டும்.

பெண்கள் கேட்கும் கேள்வி

வீட்டுப் பெண்கள் இந்தப் பேச்சு வந்தாலே முதலில் கேட்பது கழிப்பறையைத்தான். நியாயமான கேள்வி, குழுத் தலைவர்கள் பலர் இதற்குப் பதில் வைத்திருப்பதில்லை. நான்கு வழிச் சாலையில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. எந்தெந்த இடத்தில் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு நடைக்கு நடுவில் நிறுத்தம் போட வேண்டும். கிழக்கே ஊர்கள் அடுத்தடுத்து நெருக்கமாக இருக்கின்றன, கேட்டால் வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கிழக்குப் பாதைதான் மேலாகப் படுகிறது.

இன்னொன்று, பழனிக்குப் போகும் குழுக்கள் பலவற்றில் விரதக் கட்டுப்பாடு காரணமாக மாதவிலக்கு நாட்களைக் கணக்குப் பார்த்தே பெண்கள் பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேளாங்கண்ணிக் குழுக்களில் பொதுவாக அந்தக் கேள்வி வருவதில்லை. நாளைப் பார்த்துப் பார்த்தே வருடம் தள்ளிப் போகிறது என்று வருந்தும் பெண்களுக்கு இது ஒன்றே கிழக்கே திரும்பப் போதுமான காரணம். பெண்கள் குறைந்தது நான்கைந்து பேராவது இருக்கும் குழுவில் சேருங்கள். பெண்களே நடத்தும் குழு கிடைத்தால் இன்னும் நல்லது.

போய்ச் சேர்ந்த பிறகு

பழனியில் நடை முடிந்தும் முடிவதில்லை. அடிவாரத்தில் திருவாவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மேலே 693 படி. வின்ச்சும் ரோப் காரும் உண்டு. விழா நாட்களில் அதற்கே மணிக்கணக்கில் வரிசை. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, கீழேயே கொடுத்துவிட வேண்டும். குழுவினர் மேலே பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் தேடுவது சிரமம், எங்கே சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசி வையுங்கள். தைப்பூசத்தன்றே தரிசனம் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருவதுபோலப் புறப்படுங்கள். பாதையில் கூட்டமும் பந்தலும் இருக்கும், மலையில் நெரிசல் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

வேளாங்கண்ணியில் படி இல்லை, சமதரை. நடந்து வந்த களைப்போடு மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் மணலில் முழங்காலிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது நம் கால்வலி நமக்கே சின்னதாகத் தெரியும். கடைசி இரண்டு நாள் தங்க இடம் கிடைப்பது அரிது. செப்டம்பர் முதல் வாரத்தின் நடுவில் போய்ச் சேர்ந்தால் நிம்மதியாக உட்கார்ந்து ஜெபிக்கலாம், சாயங்காலத் தேரையும் பார்க்கலாம். கடலில் மட்டும் இறங்காதீர்கள். அசந்த காலுக்கு அலை பிடி கொடுக்காது.

முதலில் சமயபுரம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒருமுறை சமயபுரத்துக்கு நடந்து பாருங்கள். ஊரின் தென்பகுதியிலிருந்து காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடப் பாலம், நம்பர் ஒன் டோல்கேட் என்று சுமார் 15 கிலோமீட்டர். மாசி கடைசியில் பூச்சொரிதல் தொடங்கினால் வழியெல்லாம் பூத்தட்டோடு ஆட்கள் இருப்பார்கள். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் காலம் அது. இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவுதான் நைவேத்தியம். நடந்துவிட்டு மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கைப்பிடி இல்லாமல் இறங்க முடிந்தால் அடுத்த வாரம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். முடியாவிட்டால் இந்த வருடம் திண்டுக்கல் வரை பேருந்தில் போய் அங்கிருந்து 60 கிலோமீட்டரை மூன்று நாளில் நடங்கள். துணை சேரும் பாதையே அதுதான் என்பதால் முக்கியமான பகுதி உங்களுக்குக் கிடைத்துவிடும். வேளாங்கண்ணிக்கு அப்படிக் குறைத்து நடப்பதென்றால் திருவாரூரிலிருந்து புறப்படலாம், சுமார் 35 கிலோமீட்டர், இரண்டு நாள்.

பழனி என்று முடிவு செய்தால் கார்த்திகை பிறந்ததும் உங்கள் தெருவில் யார் மாலை போடுகிறார்கள் என்று விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாள் விரதம் என்பது குழுவுக்குக் குழு மாறும். வேளாங்கண்ணி என்றால் ஆடி முடிவதற்குள் பங்குக் கோயிலில் கேளுங்கள். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வைக்கும் குழுவாக இருந்தால் வேறு குழு பாருங்கள்.